கடைசிப் படகுப் பந்தயம்

புழல் சிறை டீயைப் பற்றி வெளியே தவறாகப் பேசுகிறார்கள், டாக்டரம்மா. கல்மண்டபத்தில் காசு கொடுத்துக் குடித்த டீயைவிட இது ஒன்றும் மோசமில்லை. அங்கேயும் பால் கண்ணில் படாது, இங்கேயும் படாது. போன வாரம் உங்களுக்குக் கொண்டுவந்த டம்ளரைத் தொடாமல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வார்டனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இன்றைக்கு ஒரு வாயாவது குடியுங்கள்.

போன வாரம் நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இங்கே யோசிக்க நேரத்துக்கா பஞ்சம். எனக்கு இருப்பது வெறும் சூதாட்டப் பழக்கம் இல்லை, அதற்கு அடியில் ஆளுமைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது என்றீர்கள். சூதை விடமுடியாத பலருக்கு இப்படி இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல இருக்குமாம். தன்னைப் பெரிய ஆளாக நினைப்பது, தோற்றால் அடுத்தவன்மேல் பழியைப் போடுவது, பிறத்தியார் வலி உறைக்காமல் இருப்பது. நீங்கள் அடுக்கிய அழகில் எனக்கே கொஞ்சம் பெருமையாகப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இந்தக் குணமெல்லாம் இருப்பவனைத் தலைவரே என்று கூப்பிட்டு மாலை போடுவார்கள். எனக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மற்றதெல்லாம் போகட்டும். இரக்கம் இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. அது பொய் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இன்றைக்கு நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தீர்கள். நம்புகிறேன். யாரையும் சட்டென்று நம்பிவிடுவது என் பலவீனம்.

என்மேல் இருக்கும் வழக்கு உங்களுக்குத் தெரியும். ஐஸ் டிப்போ இசக்கிப்பாண்டியை ஐஸ் உடைக்கிற கட்டையால் தலையில் அடித்தேன். ஆள் பிழைத்துக்கொண்டார். ஒரு காது கேட்பதில்லையாம். அடுத்தவர் பேச்சை அவர் இரண்டு காதாலும் கேட்டு நான் பார்த்ததில்லை, ஆகவே பெரிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஏன் அடித்தேன் என்றுதான் நீங்கள் ஒவ்வொரு வாரமும் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

காசிமேட்டில் கோவிந்தம்மா என்றால் தெரியாதவர் கிடையாது. சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் பொம்பளை. அவருடைய படகுக்கு நான் கரை ஆள். அதாவது துறைமுகத்துத் தகரக் கொட்டகையில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கடலில் இருக்கும் படகோடு பேசுவேன். வானிலைச் செய்தி சொல்வேன், எந்த மீனுக்கு இன்றைக்கு நல்ல விலை என்று சொல்வேன், எப்போது திரும்பினால் ஏலத்துக்குச் சரியாக இருக்கும் என்று சொல்வேன். உட்கார்ந்த இடத்தில் வேலை. ஆனால் படகே அந்தக் குரலை நம்பித்தான் ஓடும்.

படகின் டிரைவர் அன்புமணி. எனக்குச் சின்ன வயதுத் தோஸ்து. பிறகு என் தங்கை எழில்மொழியைக் கட்டிக்கொண்டு மச்சானும் ஆனான். நல்லவன். நல்லவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் விளங்கவேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. கடலில் ஒருவனுக்கு எறா, உங்கள் பாஷையில் இறால், நிறைய விழுகிறது என்று வையுங்கள். பக்கத்துப் படகுகளுக்கு வயிறு எரியும். உடனே எல்லோரும் கேட்கிற சேனலில் ஒருவன், காற்று வருகிறது, கரைக்குப் போ என்று கத்துவான். இன்னொருவன் ஆமாம் ஆமாம் என்பான். பயந்தவன் வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியதும் கத்தியவர்கள் அந்த இடத்தில் வலையைப் போடுவார்கள். இது அங்கே வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் ஊரே கத்தினாலும் எந்த டிரைவரும் நகரமாட்டான். தன் கரை ஆளோடு தனியாகப் பேசுகிற சேனலுக்கு மாறி, நிஜமா என்று ஒரு வார்த்தை கேட்பான். கரை ஆள் சொல்வதுதான் வேதம்.

பந்தயத்துக்கு வருகிறேன். எப்போது தொடங்கினேன் என்று கேட்டீர்கள். எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குள் போவதற்கு டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்குமே, அதில் எது முதலில் நகரும் என்று பையன்கள் பந்தயம் கட்டுவோம். அப்புறம் சீட்டு, குதிரை, போனில் ரம்மி, அதற்குத் தடை வந்ததும் கிரிக்கெட். பணத்துக்காக என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டு நான் சொன்னது நடக்கவேண்டும், நாலு பேர் அதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். நான் தோற்றதே கிடையாது. குதிரை ஏமாற்றியிருக்கிறது, கடைசி ஓவர் போட்டவன் ஏமாற்றியிருக்கிறான். என் மனைவி யசோதரா புளியந்தோப்பில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனபோது, ஆடிக்குள் திரும்பிவிடுவாள் என்று டிப்போவில் கட்டினேன். எப்படியோ அது அவள் காதுக்குப் போய், அந்தப் பந்தயத்தை வேண்டுமென்றே தோற்கடித்தாள். இன்றுவரை வரவில்லை. இவ்வளவு வஞ்சம் உள்ளவளோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்தினேன் என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்தப் பந்தயங்களை எல்லாம் ஏற்று நடத்தியவர் இசக்கிப்பாண்டிதான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். படகுகளுக்கு ஐஸ் கொடுப்பது தொழில், இது பொழுதுபோக்கு. நாலைந்து தடவை தொடர்ந்து எனக்குச் சகுனம் சரியில்லாமல் போனபோது, டிப்போவில் அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னார்:

"ஏ, குறி கேக்க எங்கேயும் போவாண்டாம்டே. லோகநாதன் எதுல கெட்டுதாரோ அதுக்கு எதுத்தாப்புல கெட்டுங்க. சோலி முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஐஸ் ஏற்ற வந்திருந்த அன்புமணியும் சிரித்தான். பிறகு என் தோளில் கைபோட்டு, "வுடு மச்சான், பெர்சு சொம்மா கலாய்க்குது" என்றான். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அவன் எந்தச் சட்டை போட்டிருந்தான், எந்தப் பல் தெரியச் சிரித்தான் என்பதெல்லாம் தானாக ஞாபகம் இருக்கிறது.

புயல் செய்தி வந்தால் டிப்போவில் ஒரு பந்தயம் நடக்கும். கடலில் இருக்கும் படகுகளில் எது கடைசியாகக் கரைசேரும் என்று. கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் புயல் நேரத்தில் ஏலம் கிடையாது, வேலை கிடையாது, ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதாவது செய்யவேண்டுமே.

போன வருஷம் ஐப்பசியில் அந்தக் காற்றழுத்தத் தாழ்வு வந்ததல்லவா. மறுநாள்தான் கரையைத் தொடும் என்றிருந்தது, திடீரென்று வேகம் பிடித்துவிட்டது. மத்தியானம் செய்தி வந்ததும் டிப்போவுக்குப் போய், கோவிந்தம்மா படகுதான் கடைசி என்று கட்டினேன். இசக்கிப்பாண்டி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"வேண்டாம்வே. அன்புமணி உம்ம பேச்சத் தட்டாத பய. நீரு கூப்ட்டா மொத ஆளா வந்து நிப்பான்."

அவரிடம் இருந்த தகவல் அது. என்னிடமும் அதே தகவல்தான் இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பினால் கோவிந்தம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் வந்து நின்றார். "லோகு, அன்புவ கூப்டு. மீனு போனா மசுரே போச்சு, வலய அறுத்து வுட்டுட்டாவது வரச் சொல்லு நைனா," என்றார். சொல்லிட்டேன்க்கா, கெளம்பிட்டான் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் சேனலில் அன்புமணியே வந்தான்.

"மச்சான், இன்னா இது, ஆளாளுக்கு காத்து வருது காத்து வருதுன்னு கூவிகினு கீறானுங்கோ. மெய்யா, இல்ல டபாய்க்கிறானுங்களா?"

"எறா எப்டி?"

"செமயா வுழுந்துகினு கீது."

"அப்பறம் இன்னா? உன்ன கெளப்பி வுட பாக்குறானுங்கோ. நீ வலய போடு. நெசமா காத்து வந்தா நான் சொல்ல மாட்டனா?"

"நீ சொல்லாம வேற யாரு மச்சான் சொல்லப் போறா," என்றான். அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

இதில் கொலை எங்கே இருக்கிறது என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். மற்ற படகுகள் உள்ளே வரட்டும், கடைசிப் படகு துறைமுக வாய்க்குள் நுழைந்ததும் அவனைக் கூப்பிடலாம் என்பதுதான் என் கணக்கு. சின்னத் தாமதம். அவன் டிரைவர் என்றால் டிரைவர், ஒரு காற்றைத் தாண்டி வரத் தெரியாதவன் இல்லை. வானத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கும். வேதம் வேறு மாதிரி சொல்லியிருந்தது, அதுதான் அவனுக்குச் சிக்கல். யாரும் அவனை என் பேச்சைக் கேள் என்று கட்டாயப்படுத்தவில்லை.

படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பசி இல்லை, கோபம் இல்லை, யசோதரா ஞாபகம் இல்லை. உங்கள் மாத்திரையில் அது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புமணியைத் தவிர வெளியே இன்னும் ஒரே ஒரு படகு பாக்கி. லியாகத் அலியுடையது. எஞ்சின் கோளாறோ என்னவோ, அலைத் தடுப்புக்கு அப்பால் தத்தளித்துக்கொண்டு இருந்தது. அப்போதுதான் எழில்மொழி ஓடிவந்தாள். தலையிலிருந்து கால்வரை ஈரம். செருப்புகூட இல்லை.

"ண்ணா, அது வந்துட்ச்சா?"

"வந்துகினு கீறான்."

"எங்க வருது? எல்லா படகும் வந்துட்ச்சுன்றாங்க. நான் பேசறேன். மைக்க குடு."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் கொடுத்தேன். அதாவது மைக் என் கையில்தான் இருந்தது, அவள் வாய்க்கு அருகே நீட்டிப் பிடித்தேன். அந்த மைக்கின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு பேசினால்தான் பேச்சு போகும். அழுத்தாமல் பேசினால் கொட்டகையோடு சரி. அவளுக்கு அது தெரியாது. பொத்தான்மேல் என் கட்டைவிரல் இருந்தது. நான் அழுத்தவில்லை.

அழுத்தியிருந்தால் அன்புமணி அந்த நிமிஷமே திரும்பியிருப்பான். அவள் குரல் அப்படி இருந்தது. லியாகத் அலியின் படகுதான் இன்னும் உள்ளே வரவில்லையே.

"யோவ், இன்னாய்யா பண்ற அங்க? மீனு வோணாம், ஒண்ணும் வோணாம். பாப்பா காத்தாலேர்ந்து உன்னயே கேட்டுகினு கீது. நீ வந்துடுய்யா. கேக்குதா? வந்துடுய்யா," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏண்ணா பேச மாட்டேன்னுது?"

"காத்துல அவன் பேசறது நமக்கு வராதும்மா. நீ பேசனது அவனுக்கு போயிருக்கும்," என்றேன்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். நான் இன்னொரு தடவையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது, ஆனாலும் நின்றேன்.

லியாகத் அலியின் படகு உள்ளே வந்ததும் பொத்தானை அழுத்தி அன்புமணியைக் கூப்பிட்டேன். இதை மறக்காமல் எழுதுங்கள். ஒரு தடவை இல்லை, தொண்டை வற்றுகிற வரை கூப்பிட்டேன். கடமையில் நான் குறை வைக்கவில்லை. அந்தப் பக்கம் இரைச்சல்தான் வந்தது.

அன்புமணியோடு போனவர்கள் நாலு பேர். யாரும் திரும்பவில்லை. வேம்பு என்று ஒருத்தனின் உடம்பு எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. அன்புமணி கிடைக்கவே இல்லை. புயல் ஓய்ந்த பிறகு, கவிழ்ந்து மிதந்த படகை இரண்டு படகுகள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தன. துறைமுகமே கரையில் நின்று அழுதது. நானும் அழுதேன். அழுதுகொண்டே ஒன்று கவனித்தேன், அதற்குப் பிறகு வரவேண்டிய படகு எதுவும் பாக்கி இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தானாகவே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டது. கோவிந்தம்மா கூப்பிடச் சொன்னார், நான் கூப்பிட்டேன், பொண்டாட்டியே மைக்கில் அழுதாள், எறா ஆசையில் அன்புமணி வரவில்லை, கூட இருந்த நாலு பேரையும் கொன்றுவிட்டான். ஊர் இப்படிக் கணக்கை முடித்தது. வேம்புவை மூலக்கொத்தளத்தில் புதைத்த அன்று, அவன் அம்மா ஒரு கை மண்ணை அள்ளி எழில்மொழி முகத்தில் வீசினாள். "உம் புருசன் பேராசைக்கு எம் புள்ளயா கெடச்சான்?" எழில்மொழி கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் நடுவில் புகுந்து பேசியிருந்தால் இன்னும் பெரிய ரகளையாகியிருக்கும். அமைதிதான் நல்லது என்று ஒதுங்கி நின்றேன்.

காரியமெல்லாம் முடிகிற வரை டிப்போ பக்கம் நான் போகவில்லை. மட்டுமரியாதை தெரியாதவன் இல்லை. அதன் பிறகு போய், பந்தயத்தில் ஜெயித்த என் பணத்தைக் கேட்டேன். இசக்கிப்பாண்டி நான் கட்டியதை மட்டும் எடுத்து நீட்டினார்.

"அஞ்சு உசுரு போயிருக்குவே. செத்தது ஒம்ம மச்சினன். எல்லாருக்கும் கெட்டுனத திருப்பிக் குடுத்துட்டேன். ஒம்மதையும் எடுத்துட்டுப் போயிரும். இனி இந்த எழவே வேண்டாம்னு வுட்டாச்சு."

கட்டியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஜெயித்ததைக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இழுத்துக்கொண்டு வந்ததெல்லாம் வந்ததாகாது என்றார். படகு சொந்த எஞ்சினில்தான் வரவேண்டும் என்று எப்போதாவது பேசியிருக்கிறோமா என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லோரும் பார்க்க நான் ஜெயித்திருக்கிறேன். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. கட்டை பக்கத்தில்தான் கிடந்தது. மச்சான் செத்த துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஊரே எனக்காகப் பரிந்து பேசியது. வக்கீலும் அதைத்தான் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை, பாவம், ஆசையாக எழுதியிருந்தார்.

இப்போது இரக்கத்துக்கு வருகிறேன்.

எழில்மொழி மாதாமாதம் மனு போட்டு என்னைப் பார்க்க வருகிறாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள். மீன் காயவைக்கிற வேலைக்குப் போகிறாள், இளைத்துவிட்டாள். வந்தால் அழுவாள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் அழுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில மாதம் முன்னால் அழாமல் வந்தாள். நேராகக் கேட்டாள்.

"ண்ணா, பாப்பா தலமேல அடிச்சு சொல்லு. நான் பேசனது அதுக்கு கேட்டுச்சா? கேக்கலன்னா, அதுமேல தப்பு இல்லன்னு நான் அவங்கோ மூஞ்சுக்கு நேரா சொல்லுவேன். பாப்பாவுக்கு சொல்லுவேன். கேட்டுச்சா?"

யோசித்துப் பாருங்கள். கேட்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். உண்மையைச் சொன்னால் புருஷனை இழந்தவள் அண்ணனையும் இழப்பாள். ஒருத்தி எத்தனையைத் தாங்குவாள். நீங்களாக இருந்தால் இதையெல்லாம் பார்க்காமல் உண்மையைச் சொல்லிவிட்டு, நல்லது செய்ததாக நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். நான் அப்படி இல்லை.

"கேட்டுச்சும்மா," என்றேன். "நீ போனப்பறம் பதிலு வந்துச்சு. சொம்மா அழுவாதன்னு சொல்லு, இன்னும் ரெண்டு வல போட்டுட்டு வரேன்னான்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவங்கோ சொல்றது மெய்தான்," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் இங்கே வந்து அழுததே இல்லை. கூடவே அன்புமணியின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாளாம். செத்துப்போன அந்த நாலு பேர் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போகிறாள். வாசலில் விழுந்து, என் புருஷன் செய்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறாள். வேம்புவின் அம்மாகூட உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். இன்னும் இரண்டு வீட்டிலும் மனமிறங்கிவிட்டார்கள். நான் சொன்ன ஒரு வார்த்தையில் இத்தனை மனஸ்தாபம் தீர்ந்திருக்கிறது.

ஒரு வீடு மட்டும் பாக்கி. எத்தனை தடவை போனாலும் கதவைத் திறப்பதில்லை. திறக்கவே மாட்டார்கள் என்று என் பிளாக்கில் இருக்கும் ஜீஷான் சாதிக்கிறான். பொங்கலுக்குள் திறப்பார்கள் என்று நான் கட்டியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் என் தங்கைக்காக வேண்டிக்கொள்கிறேன், டாக்டரம்மா. அவள் இன்னொரு தடவை போகவேண்டும், அந்தக் கதவு திறக்கவேண்டும், அவளை உள்ளே கூப்பிடவேண்டும் என்று. அவளுக்காக இவ்வளவு மனதார நான் எதையும் வேண்டியதில்லை. இரக்கம் இல்லை என்று எழுதியதை இனி நீங்கள் அடித்துவிடலாம்.